ஓடுதளத்துக்கு அடியில் இருந்த மணல்

கோல்ஃப் எப்படி ஆடுவது, எத்தனை குழி, கேடி என்பவர் யார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். அதனால் நேராகப் பேச்சுக்கு வருகிறேன். எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கும் நண்பர்கள் பலர் இப்போது கோல்ஃப் ஆட வருகிறார்கள். சந்தோஷம். இங்கே தைக்கிற காலர் வைத்த டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டுதான் உலகமே அந்த ஆட்டத்தை ஆடுகிறது. நாமும் ஆடினால் என்ன? ஆனால் நல்ல மைதானம் எது என்று கேட்டால், "துபாய்ல பாத்தேனுங்க, என்ன பச்சை, என்ன பச்சை!" என்கிறார்கள். நடுவில் ஏரி, ஏரிக்குள் நீரூற்று, ஓரமெல்லாம் பனை வரிசை. வீட்டுமனை விளம்பரங்களிலும் அதே படம்தான். எனக்கு மனசு ஒப்பவில்லை. கோல்ஃப் தரையில் இருக்கிறது. தரையிலும், அந்தத் தரைக்கு அடியில் இருக்கிற மண்ணிலும் இருக்கிறது. இதை இன்றைக்கு ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு எனக்குத் தெரிந்த ஆகப் பெரிய சாட்சி ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிற டர்ன்பெரி. கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே, உழவுக்கு உதவாத மணல்மேட்டுப் பூமி. அப்படிப்பட்ட இடத்தில் அமைந்த மைதானத்தைத்தான் லிங்க்ஸ் என்கிறோம். 1901-ல் வில்லி ஃபெர்னி என்ற ஆட்டக்காரர் அங்கே குழிகளை அமைத்தார். சில வருஷத்தில் ரயில்வே கம்பெனி குன்றின் மேல் பெரிய ஓட்டல் ஒன்றைக் கட்டியது. முதல் உலகப் போர் வந்தது. வானத்திலிருந்து துப்பாக்கி சுடுகிற பயிற்சிப் பள்ளி அங்கே வந்து உட்கார்ந்தது. பயிற்சியில் இறந்துபோன விமானிகளுக்கு 1923-ல் ஊர் மக்கள் எழுப்பிய நினைவுத் தூண் இன்றும் பன்னிரண்டாவது குழிக்கு மேலே குன்றில் நிற்கிறது. அந்தக் குழிக்குப் பெயரே 'மான்யுமென்ட்'.

இரண்டாம் உலகப் போரில் சேதம் இன்னும் பெரிது. இந்த முறை வந்தது கான்கிரீட். மணல்மேடுகளை இடித்துச் சமமாக்கி, அகல அகலமாக ஓடுதளம் போட்டார்கள். கப்பல்களின் மேல் டார்பிடோ வீசும் பயிற்சிக்கு விமானங்கள் அங்கிருந்துதான் கிளம்பின. போர் முடிந்தபோது அங்கே இனி கோல்ஃப் கிடையாது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

இந்த இடத்தில் நம் பக்கம் ஒரு நிமிஷம் திரும்பிப் பாருங்கள். போர்க்கால ஓடுதளம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு என்று பல இருந்தன. பக்கத்தில் சூலூரில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானத் தளம் இருந்தது. இன்றும் அங்கே நம் விமானப்படை பறக்கிறது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் கைவிடப்பட்ட ஓடுதளத்தில் பல காலம் கார், மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. பந்தயத்துக்குக் கான்கிரீட் வரம். கோல்ஃபுக்கு அதுதான் எமன். கான்கிரீட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்காது. வேர் இறங்காது. விமானம் கேட்பது சமதளம், கோல்ஃப் கேட்பது மேடு பள்ளம். அதனால் டர்ன்பெரியில் வேலை இரண்டானது. கான்கிரீட்டை எடுக்க வேண்டும், போன மேடுகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

ரயில்வே ஓட்டல்களை நடத்திய ஃபிராங்க் ஹோல் என்ற நிர்வாகி அரசாங்கத்தோடு நஷ்டஈட்டுக்குப் போராடி, மைதானம் மறுபடி வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அவரைப் பற்றி இன்னும் நிறையச் சொல்லலாம். ஆனால் எனக்குப் பிடித்தவர் இன்னொருவர், என் நேரத்தை அவருக்கே கொடுக்கிறேன். அவர் பெயர் மெக்கென்சி ராஸ். ஸ்காட்லாந்துக்காரர், மைதானம் வடிவமைப்பவர்.

ராஸ் செய்த ஒரு காரியத்தை நினைத்து நினைத்து வியக்கிறேன். குழி முடிகிற இடத்தில் பந்தை உருட்டி விடுகிற கிரீன் இருக்கிறதே, அதை அவர் காகிதத்தில் வரைந்து கொடுத்ததோடு நிற்கவில்லை. பிளாஸ்டிசின் என்கிற களிமண்ணில் மாதிரி செய்து கொடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பொம்மை செய்கிற அதே களிமண். எங்கே ஏறுகிறது, எங்கே சரிகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், எல்லாம் அந்த மாதிரியில் இருந்தது. ஒப்பந்த வேலையை எடுத்த சட்டன்ஸ் கம்பெனியின் ஆட்கள் அதைப் பார்த்துத் தரையை வடித்தார்கள்.

திருப்பூர்க்காரர்களுக்கு இது உடனே விளங்கும். பையர் அளவுத்தாள் அனுப்புகிறார். அதை மட்டும் வைத்துக்கொண்டு யாராவது பல்க் ஓட்டுவார்களா? சாம்பிள் தைத்து, கையில் பிடித்து, தோளும் கழுத்தும் எப்படி விழுகிறது என்று பார்த்து, ஒப்புதல் வாங்கிய பிறகுதான் கட்டிங் டேபிளில் துணி விரியும். ராஸ் கொடுத்தது அந்தச் சாம்பிள். காகிதத்தில் இருக்கிற கோடு புல்டோசர் ஓட்டுகிறவருக்கு ஒரு எண், அவ்வளவுதான். களிமண்ணில் விரலை வைத்தால் சரிவு விரலுக்கே தெரிந்துவிடும். ஓடுதளம் தட்டையாக்கிவிட்ட ஒரு தரைக்குத் திரும்பவும் சரிவைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ராஸ் ஃபெர்னியின் பழைய மைதானத்தை நகல் எடுக்கவில்லை. புதிதாகவே வகுத்தார். நான்காவது குழியிலிருந்து பதினொன்றாவது வரை கடலோரமாகவே கொண்டுபோனார். மீட்பது என்றால் பழைய படத்தைப் பார்த்து அப்படியே வைப்பது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ராஸ் மீட்டது மணலை. மணலும் காற்றும் மெல்லிய ஃபெஸ்க்யூ புல்லும் திரும்ப வந்தபோது, ஆட்டமும் வந்துவிட்டது. 1951-ல் மைதானம் திறந்தது. மணலில் தண்ணீர் நிற்காது, அதனால் தரை இறுகி நிற்கும். இறுகிய தரையில் பந்து குதித்து ஓடும். கோல்ஃப் தரையில் இருக்கிறது என்று நான் சொன்னது இதைத்தான்.

வியாபார விஷயமாக ஸ்காட்லாந்து போனபோது அந்தக் கடற்கரையில் நடந்தேன். கலங்கரை விளக்கத்துக்கு அருகே நின்றால் எதிரே கடலில் எய்ல்சா கிரெய்க் என்ற கருங்கல் தீவு தெரியும். என்னை இழுத்தது அது அல்ல. உள்பக்கம் இன்னும் கிடக்கிற பழைய ஓடுதளத்தின் கான்கிரீட். முழுவதையும் எடுக்கவில்லை, மிச்சம் கிடக்கிறது. அதன் மேல் கொஞ்ச தூரம் நடந்தேன், பிறகு புல்லுக்கு இறங்கினேன். ஒரு பக்கம் கால் அப்படியே திருப்பி அடிக்கிறது, இன்னொரு பக்கம் கால் லேசாக அமுங்கி எழுகிறது. ராஸ் எதை எடுத்துவிட்டு எதைக் கொண்டுவந்தார் என்பது என் பாதத்துக்கே புரிந்தது.

1977-ல் முதல்முறையாக அங்கே ஓப்பன் சாம்பியன்ஷிப் நடந்தது. டாம் வாட்சனும் ஜாக் நிக்லஸும் கடைசி இரண்டு நாள் சேர்ந்தே ஆடினார்கள். வாட்சன் 65, 65. நிக்லஸ் 65, 66. மொத்தம் 268-க்கு 269. மூன்றாவதாக வந்தவர் 279. எல்லோரும் பதினெட்டாவது குழியைப் பற்றிப் பேசுவார்கள். நான் பதினைந்தாவதைப் பற்றிப் பேசுவேன். வாட்சனின் பந்து கிரீனுக்கு வெளியே கிடந்தது. வேறு ஒருவராக இருந்தால் பந்தைத் தூக்கி அடித்திருப்பார். வாட்சன் பட்டரை எடுத்தார். தரையோடு தரையாக, சுமார் அறுபது அடி உருட்டினார். பந்து ஏறி, இறங்கி, குழிக்குள் போய் விழுந்தது. ஆட்டம் சமநிலைக்கு வந்தது. போர்க்காலத்தில் ஓடுதளமாகக் கிடந்த பூமியில் அப்படி ஒரு உருட்டல்!

2009-ல் அதே வாட்சன், 59 வயதில், அதே மைதானத்தில் கடைசிக் குழிக்கு முன்னிலையில் வந்தார். நன்றாக அடித்த பந்து கிரீனில் விழுந்து, ஓடி, பின்னால் போய்விட்டது. மறுபடி பட்டர், மறுபடி உருட்டல். இந்த முறை தாண்டிப் போனது, திரும்ப விட்டதும் விழவில்லை. ஸ்டூவர்ட் சிங்க் பிளேஆஃபில் ஜெயித்தார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், நல்ல தரை அப்படித்தான். யாருக்கும் தனியாகச் சலுகை காட்டாது.

சரி, இதெல்லாம் கடலோர ஊருக்குச் சரி, கொங்கு நாட்டில் ஏது லிங்க்ஸ் என்று கேட்பீர்கள். மணல் இல்லை, உண்மை. காற்று இருக்கிறதே! பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வருகிற காற்றைப் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைக் கேளுங்கள். செட்டிபாளையத்தில் கோவை கோல்ஃப் கிளப் மைதானத்தில் அந்தக் காற்றில் ஆடிப் பாருங்கள். ஒருமுறை நான் பந்தை உயரே தூக்கப் போனேன். கேடி தம்பி தடுத்தார். "சார், மேல போட்டா காத்து இழுத்துட்டுப் போயிருமுங்க. தரையிலயே விடுங்க, தானா ஏறும்." டர்ன்பெரியைப் பார்த்திராத அந்தத் தம்பிக்கு வாட்சனின் வித்தை தெரிந்திருந்தது. காற்றும் காய்ந்த தரையும் கற்றுக்கொடுத்தது. நம் மைதானங்களில் வளர்கிற பெர்முடா புல் நம்ம அருகம்புல்தான். வறட்சி தாங்கும். அதற்குத் தினமும் தண்ணீரைக் கொட்டிச் சொதசொதவென்று வைத்தால் பந்து விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும், உருட்டல் என்ற கலையே செத்துப்போகும். ஆழ்துளைக் கிணறு வற்றுகிற ஊரில் இருந்துகொண்டு நாம் ஏன் பச்சைக்கு ஆசைப்பட வேண்டும்? கோடையில் புல் கொஞ்சம் பழுப்பாகட்டும். தரை இறுகட்டும்.

2016-ல் மார்ட்டின் ஈபர்ட் என்ற வடிவமைப்பாளர் டர்ன்பெரியைத் திருத்தி அமைத்தார். ஒன்பதாவது குழி இப்போது கடல் நீரைத் தாண்டி அடிக்கிற குறுங்குழி. பார்க்க மிக அழகு, பலர் கொண்டாடுகிறார்கள். எனக்கு ராஸின் பழைய ஒன்பதாவதுதான் பிடிக்கும். பாறை முனையில் நின்று அடித்து, பந்து நில முதுகில் எந்தப் பக்கம் ஓடுமோ என்று காத்திருக்கிற அந்தக் குழி. 2009-க்குப் பிறகு ஓப்பன் அங்கே போகவில்லை. மைதானத்தின் உரிமையாளர் 2014-லிருந்து டொனால்ட் டிரம்ப். அவர் பெயரைச் சுற்றி நடக்கிற வாதங்களில் எனக்கு அக்கறை கிடையாது. மெக்கென்சி ராஸ் வடித்த அந்தத் தரையில் இன்றைய இளம் ஆட்டக்காரர்கள் ஜூலை மாதக் காற்றில் பந்தை உருட்டுவதைப் பார்க்கவேண்டும். ஓப்பனை அங்கே திரும்பக் கொண்டுபோக வேண்டும், சீக்கிரமே கொண்டுபோக வேண்டும்.