கை நடுங்கா விளையாட்டு



மாமல்லபுரத்துத் தெருக்களில் நடப்போரின் செவியில் கடலோசையுடன் உளியோசையும் விழும். அங்கே 1957ஆம் ஆண்டு அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சிக் கூடம் இன்று கல்லூரியாக விளங்குகின்றது. அவ்வூரை அடுத்த கடற்கரைப் பள்ளி ஒன்றில், ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நான் தலைமையாசிரியனாக இருந்தேன்.

ஐந்தாம் வகுப்பில் சிற்பி ஒருவரின் மகன் படித்தான். பேனாவை எடுத்தால் அவன் கை நடுங்கும், எழுத்துகள் கோணலாகும். "உளி பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு எழுத்து இப்படியா?" என்று வகுப்பறிய அவனைக் கடிந்துகொண்டேன். நடுக்கம் மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. தவறு என்னுடையது என்பதை உணர எனக்கு ஒரு பருவம் முழுவதும் தேவைப்பட்டது.

ஆசிரியப் பயிற்சியின்போது உளவியல் பாடத்தில் படித்த கருவியொன்று அப்போது நினைவுக்கு வந்தது. உலோகத் தகடு ஒன்றில் பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாகத் துளைகள் இருக்கும். துளையின் விளிம்பில் படாமல் ஊசியைப் பிடித்திருக்க வேண்டும். பட்டால் மின்சுற்று நிறைவுற்று அத்தவற்றைத் தெரிவிக்கும். இதே தத்துவத்தில் அமைந்த எளிய விளையாட்டொன்றைப் பிள்ளைகளைக் கொண்டே செய்விக்க எண்ணினேன். செங்கற்பட்டுக் கடைத்தெருவில் பொருள்களை வாங்கிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் ஊர் திரும்பினேன்.

செய்முறையைக் கூறுகின்றேன். ஒன்றரை அடி நீளமுள்ள மரப்பலகையின் இரு முனைகளிலும் துளையிடுங்கள். மேலுறை நீக்கிய தடித்த செம்புக் கம்பியை, மூன்றடி நீளத்திற்கு, அலையலையாக வளைத்து அத்துளைகளில் இறுக நிறுத்துங்கள். கம்பியின் இரு அடிப்பகுதிகளிலும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுங்கள். வளையம் ஒலியின்றித் தங்குமிடங்கள் அவையே. வேறொரு கம்பித் துண்டை விரற்பருமனுள்ள வளையமாக்கி, முதற்கம்பியில் கோத்து, அதற்கு மரக் கைப்பிடி பொருத்துங்கள். டார்ச் விளக்கின் ஒன்றரை வோல்ட் பாட்டரிகள் இரண்டை வரிசையாக இணைத்தால் மூன்று வோல்ட் கிடைக்கும். பாட்டரியின் ஒரு முனையிலிருந்து வரும் ஒயரை, மூன்று வோல்ட்டில் ஒலிக்கும் சிறு பஸர் ஒன்றின் வழியாக வளைந்த கம்பியோடும், மறுமுனையை நீண்ட மெல்லிய ஒயரால் வளையத்தோடும் இணையுங்கள். அவ்வளவே. வீட்டு மின்சாரத்தை மட்டும் இதனருகே கொண்டு வரலாகாது.

வளையம் கம்பியில் படாமல் மறுமுனை சேர வேண்டும். பட்டால் பஸர் ஒலிக்கும். பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். நம் சிறுவன் முதல் நாள் பதினேழு முறை ஒலிக்கச் செய்தான். ஆயினும் அவன் முகம் வாடவில்லை. பஸர் ஒலித்ததேயன்றி, அவனையோ அவன் குடும்பத்தையோ பழிக்கவில்லை அன்றோ!

மழைக்கால விடுமுறை கழிந்து மீண்டும் அதை எடுத்தோம். அவன் வளையத்தைப் பிடித்தான். ஓர் ஒலியும் எழாமல் மறுமுனை சேர்ந்தான். வகுப்பே கைதட்டியது; நானும் தட்டினேன். அடுத்து வந்தவனுக்கும் ஒலி எழவில்லை. அதற்கடுத்தவன் வேண்டுமென்றே வளையத்தைக் கம்பியில் வைத்தான், அப்போதும் ஒலியில்லை. உப்புக் காற்றில் செம்பு கறுத்துப் பச்சை படிந்திருந்தது. அப்படிவு மின்னோட்டத்தைத் தடுத்துவிட்டது.

மகிழ்ந்த பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். ஆயினும் உண்மையைச் சொன்னேன். அவன் சிறிது நேரம் கம்பியையே பார்த்திருந்தான், பின்னர், "சார், நான் தேய்க்கட்டுமா?" என்று கேட்டான். உப்புத்தாள் கொண்டு செம்பு பளபளக்கும்வரை அவனே தேய்த்தான். மீண்டும் ஆடினான். நான்கு முறை ஒலித்தது. "நாலுதான் சார்!" என்று அவன் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த மகிழ்ச்சி, முன்னர் பெற்ற கைதட்டலில் வந்ததன்று.

நேயர்களே, முற்றிலும் நடுங்காத கை எவருக்கும் இல்லை. நலமுள்ளவர் கையும் நொடிக்கு ஏறத்தாழ 8 முதல் 12 முறை நுண்மையாக அதிர்கின்றது; அச்சமும் களைப்பும் அதனை மிகுவிக்கின்றன. முழங்கையை ஊன்றி மூச்சைச் சீராக விட்டால் அது அடங்கும். அச்சிறுவன் கையிலிருந்த நடுக்கத்தில் பாதி நான் ஊட்டிய அச்சம். எழுத்தைக் கொண்டு அவனைச் சோதித்தேன். சோதித்த என்னையோ நான் சோதித்துப் பார்க்கவில்லை. கறுத்த கம்பி பொய்யாகப் புகழ்ந்தது. கடிந்த ஆசிரியன் பொய்யாகப் பழித்தான். பிள்ளையை அளக்குமுன் அளவுகோலைத் துடைத்துக்கொள்வது நம் கடமையாகும்.

உங்கள் இல்லத்திலும் இதனைச் செய்து பாருங்கள். முதலில் நீங்கள் ஆடிக் காட்டுங்கள். உங்கள் கையிலும் பஸர் ஒலிப்பதைப் பிள்ளைகள் கேட்கட்டும்.