வராத ஆளுக்காகக் காத்திருப்பவர்



மும்பையில் தாராவிக்கு ஒரு பக்கம் மத்திய ரயில்வே, இன்னொரு பக்கம் மேற்கு ரயில்வே. சயானில் இறங்கினாலும் மாட்டுங்காவில் இறங்கினாலும் தண்டவாளத்தைப் பார்க்காமல் நம்மவர்கள் வீடு போய்ச் சேர முடியாது. அந்தத் தண்டவாளத்தை ஒட்டி, தோளில் சுத்தியலும் கக்கத்தில் சுருட்டிய கொடியுமாக ஒருவர் தன்னந்தனியாக நடந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்தான் கீமேன். தனியாக வேலை பார்ப்பவர்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்றதும் என் மனதில் வந்து நின்றவர் அவரே. தண்டவாளப் பராமரிப்பில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனவே என் பேச்சு அந்தப் பக்கமே சாயும்.

தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் கிளிப்புகள் ரயில் ஓட ஓடத் தளரும். அவற்றை அடித்து இறுக்குவதும், வெல்டிங்கில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் கீமேன் வேலை. போகும்போது ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போவார், திரும்பும்போது மற்றதை. கூட்டமாக வேலை செய்யும் கேங்குக்கு விசில் ஊதி எச்சரிக்க ஓர் ஆளைத் தனியே நிறுத்துவோம். கீமேனுக்கு அப்படி யாரும் இல்லை. குனிந்து கிளிப்பைப் பார்க்க வேண்டும், நிமிர்ந்து ரயிலையும் பார்க்க வேண்டும். மின்சார ரயில் சத்தமில்லாமல் நெருங்கிவிடும். ஒரு லைனில் போகும் வண்டியின் இரைச்சலில் பக்கத்து லைனில் வருவது காதிலேயே விழாது. ஒன்றுக்கு விலகி இன்னொன்றின் முன்னால் போய் நின்றவர்களும் உண்டு.

செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக இருந்த அனில் ககோட்கர், ரயில்வே பாதுகாப்பை ஆராய்ந்த உயர்நிலைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அந்தக் குழு 2012-இல் அறிக்கை கொடுத்தது. அதற்கு முந்தைய ஐந்தாண்டுக் காலத்தில் வேலையின்போது உயிரிழந்த ரயில்வே ஊழியர்கள் ஏறத்தாழ 1,600 பேர். இந்த எண்ணை நான் ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் சொல்லி வந்திருக்கிறேன். இங்கேயும் சொல்கிறேன்.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். அது மழைக்கால ரோந்து.

நாகர்கோவில் எக்ஸ்பிரஸிலோ சென்னை மெயிலிலோ ஊருக்குப் போகிறவர்கள் கர்ஜத்தில் வடாபாவ் வாங்கிச் சாப்பிட்டிருப்பீர்கள். அங்கே வண்டிக்குப் பின்னால் கூடுதல் எஞ்சின் சேர்ப்பார்கள். அதற்கப்புறம் லோனாவளா வரைக்கும் மலை ஏற்றம், போர் காட். ஜூலை மழையில் அந்த மலையிலிருந்து பாறை உருளும், மண் சரியும். இப்படிப்பட்ட இடங்களில் இரவு முழுக்கப் பாதையில் ஆள் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அவரை பேட்ரோல்மேன் என்போம். ஒவ்வொருவருக்கும் இவ்வளவு தூரம் என்று ஒரு பீட் உண்டு. எந்த ரயிலுக்கு முன்னால் யார் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று கால அட்டவணையை வைத்து வரைபடம் போட்டுக் கொடுத்திருப்பார்கள். கித்தான் பையில் பத்து டெட்டனேட்டர், மூவண்ணக் கைவிளக்கு இரண்டு, டார்ச், விசில், தீப்பெட்டி. இவற்றோடு ஒரு சிறிய நோட்டுப் புத்தகம், அதுதான் பேட்ரோல் புக்.

பாதையில் பாறை கிடந்தால் அவர் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? முதலில் எந்தத் திசையிலிருந்து ரயில் வருமோ அந்தப் பக்கம் ஓட வேண்டும். 600 மீட்டரில் தண்டவாளத்தின் மேல் ஒரு டெட்டனேட்டர் வைக்க வேண்டும். 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வைக்க வேண்டும். சக்கரம் ஏறினால் அவை வெடிக்கும், டிரைவர் பிரேக் போடுவார். அது முடிந்ததும் திரும்பி வந்து மறுபக்கமும் அதையே செய்ய வேண்டும். கொட்டும் மழையில், ஜல்லிக்கல் மேல், ஒற்றை ஆளாக!

சரி, அவருக்கே ஏதாவது ஆகிவிட்டால்? அதற்குத்தான் அந்த நோட்டுப் புத்தகம். பீட்டின் எல்லையில் அடுத்த பீட்டுக்காரர் காத்திருப்பார். இவர் புத்தகத்தை அவரிடம் கொடுத்து அவருடையதை வாங்கிக்கொள்வார். கை மாறிக் கை மாறிப் புத்தகம் ஸ்டேஷன் வரை போகும். ஸ்டேஷன் மாஸ்டர் நேரம் போட்டுக் கையெழுத்து வைப்பார். எல்லைக்கு ஆள் வரவில்லையென்றால், காத்திருப்பவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வராதவர் எதிர்ப்படும் வரை அவருடைய பீட்டுக்குள்ளேயே நடந்து போக வேண்டும். ஸ்டேஷனுக்கு வர வேண்டியவர் குறித்த நேரம் தாண்டிப் பதினைந்து நிமிடம் ஆகியும் வரவில்லையென்றால், ஸ்டேஷன் மாஸ்டர் வண்டிகளை நிறுத்தி, டிரைவர்களிடம் எச்சரிக்கைத் தாள் கொடுக்க வேண்டும். பகலில் மணிக்கு 40 கிலோமீட்டர், இரவில் வெறும் 15. பாதை சரியாக இருக்கிறது என்று தெரியும்வரை அந்த வேகம்தான்.

கவனியுங்கள் நேயர்களே. ஆபத்து என்று யாரும் தகவல் சொல்லவில்லை. ஓர் ஆள் வரவில்லை, அவ்வளவுதான். அதற்கே மெயிலும் எக்ஸ்பிரஸும் ஊர்ந்து போகின்றன. பயணிகளுக்காக எழுதப்பட்ட விதிதான் இது. ஆனாலும் இருட்டில் கால் வழுக்கி விழுந்து கிடப்பவரைத் தேடி ஒருவர் கட்டாயம் வருவார் என்பதும் இதனாலேயே உறுதியாகிறது.

என் பிரிவில் ஒரு மழை இரவில் இது நடந்தது. சேலத்துக்காரர் ஒருவர் எல்லைக்கு வரவில்லை. அடுத்த பீட்டுக்காரர் தேடிக்கொண்டு போனார். ஜல்லியில் கால் பிசகி, கணுக்கால் வீங்கி, விளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மனிதர். வந்தவரைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “அண்ணே, புக்கைக் கொண்டுபோய்க் குடுத்துடுங்க, வண்டிய நிறுத்திடப் போறாங்க!” மறுநாள் அந்தப் புத்தகத்தை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறைக்குள்ளேயும் ஓரமெல்லாம் ஊறிப்போயிருந்தது. பென்சிலில் எழுதியிருந்ததால் நேரம் மட்டும் அழியவில்லை.

இப்போது ஜி.பி.எஸ். கருவி வந்துவிட்டது. ரயில் நெருங்கினால் அதிர்ந்து ஒலியெழுப்பும் ‘ரக்ஷக்’ என்ற கருவியும் வந்திருக்கிறது. நல்லது, வேண்டும். ஆனால் திரையைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் ஜி.பி.எஸ். புள்ளி நகராமல் நிற்பதை யார் கவனிப்பது? மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடும் குர்லா, சயான் பக்கம் எச்சரிக்கை மணி ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால், காது அதற்குப் பழகிப்போகும். அங்கெல்லாம் ரயிலை நிறுத்திவிட்டு வேலை செய்வதுதான் பாதுகாப்பு. ஞாயிற்றுக்கிழமை அதற்காக மெகா பிளாக் அறிவித்தால் செம்பூர்க்காரர்கள் சலித்துக்கொள்கிறீர்கள். அம்மா, ஐயா, அந்தச் சில மணி நேரம்தான் எங்கள் ஆட்கள் பயமில்லாமல் குனிந்து வேலை பார்க்கும் நேரம்.

ரயில் பாதையை விட்டு வெளியே வந்தால், சாக்கடைக் குழி வேலையைப் பற்றித் தனியாக ஓர் உரையே வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். குழிக்குள் மனிதரை இறக்கவே கூடாது. விழுந்தவரைத் தூக்க வெறுங்கையோடு இறங்குபவரும் அதே விஷவாயுவில்தான் சாகிறார்.

தாராவியில் தொழில் நடத்தும் அண்ணாச்சிமார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் அரைக்கும் இடங்களில் ராத்திரி காவலுக்கு ஒருவரை உள்ளே விட்டு, ஷட்டரை வெளியே பூட்டிக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பூட்டை நாளைக்கே எடுங்கள், உள்ளிருந்து திறக்கிற மாதிரி மாற்றுங்கள். சரக்கு போனால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மெஷினில் தனி ஆளை நிறுத்தாதீர்கள். நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால், பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் அவர் போன் செய்ய வேண்டிய ஆள் யார் என்று முடிவு செய்யுங்கள். போன் வரவில்லையென்றால் யார் எழுந்து போக வேண்டும், மாற்றுச் சாவி யார் வீட்டில் இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். வாட்ஸாப் குழுவில் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். முப்பது பேர் பார்க்கும் செய்திக்கு முப்பது பேரும் வேறு யாரோ போவார்கள் என்று இருந்துவிடுவார்கள். ஒரே பெயர் வேண்டும், அந்த ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

மாட்டுங்காவில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ள இரவில் தனியாகப் போகும் பெண்களுக்கும் இதேதான். அனுப்பி வைக்கும் ஏஜென்சி, “போய்ச் சேர்ந்தாயா, வீட்டுக்குத் திரும்பினாயா?” என்று கேட்க ஓர் ஆளை நியமிக்க வேண்டும்.

நேரம் ஆகிவிட்டது. மழைக்கு முன்னால், உங்களிடம் ராத்திரி வேலை பார்ப்பவரின் வீட்டு போன் எண்ணையும், அவருக்காக விழித்திருப்பவரின் பெயரையும் ஷட்டருக்குப் பக்கத்தில் பென்சிலால் அல்ல, பெயிண்டிலேயே எழுதி வைப்பீர்கள் என்று நம்புகிறேன்.