பழைய ரயில் படங்களில் எதைப் பார்ப்பது?

வானொலியில் படங்களைப் பற்றிப் பேச வருவதில் ஒரு சங்கடம் இருக்கிறது; காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் படங்களில் பெரும்பாலானவை ஊமைப் படங்கள். அவற்றுக்குக் குரல் இல்லை, எனக்குத் திரை இல்லை. ஒருவர் குறையை ஒருவர் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கிராமங்களையும் சிறு நகரங்களையும் இணைத்த கிளை ரயில் பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவந்த காலத்தில், ஏறத்தாழ 1930களிலிருந்து 1968 வரை, அந்தப் பாதைகளையும் அவற்றில் ஓடிய நீராவி எஞ்சின்களையும் பலர் படச்சுருளில் பிடித்துவைத்தார்கள். சிலர் ரயில் நிர்வாகத்தின் சம்பளத்துக்கு எடுத்தார்கள். பலர் சொந்தக் காசைப் போட்டு எடுத்தார்கள். இன்று அந்தச் சுருள்கள் குறுந்தகடுகளாகவும் இணையக் காட்சிகளாகவும் வலம்வருகின்றன. பார்ப்பவர்கள் எஞ்சினைப் பார்க்கிறார்கள்: என்ன வகை, என்ன எண், எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்று. அந்த ஆர்வத்தை நான் குறைசொல்லவில்லை. ஆனாலும் இந்தப் படங்களில் இருப்பவற்றிலேயே நமக்கு மிகக் குறைவாகத் தேவைப்படுவது எஞ்சின்தான் என்பது என் கட்சி. எஞ்சினைச் சுற்றி மனிதர்கள் செய்த வேலை இந்தச் சுருள்களில் பதிவாகியிருக்கிறது. அதை வேறெங்கே போய்த் தேடுவது?

எஞ்சினை மறுபடியும் செய்துவிடலாம். இதை வாதத்துக்காகச் சொல்லவில்லை, நடந்திருக்கிறது. 1948, 1949 ஆண்டுகளில் பிரிட்டனில் ஏ1 என்ற வகையில் 49 விரைவு எஞ்சின்கள் கட்டப்பட்டன. 1966க்குள் அத்தனையும் பழைய இரும்பாக உடைக்கப்பட்டுவிட்டன. அருங்காட்சியகத்துக்கென்று ஒன்றைக்கூட ஒதுக்கிவைக்கவில்லை. பின்னர் ஆர்வலர்கள் நிதி திரட்டி, பழைய வரைபடங்களைக் கொண்டு, ஐம்பதாவது எஞ்சினைப் புதிதாகவே கட்டி 2008இல் ஓடவிட்டார்கள். அதன் பெயர் டொர்னேடோ. இரும்புக்கு வரைபடம் இருந்தது, ஆகவே இரும்பு திரும்பி வந்தது. அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் டிரலீ, டிங்கிள் என்ற இரண்டு ஊர்களுக்கு இடையே ஓடிய மூன்றடி அகலக் குறும்பாதையின் கதை இன்னும் தெளிவானது. 1947க்குப் பிறகு அதில் வழக்கமான போக்குவரத்து இல்லை. டிங்கிளில் கூடும் மாட்டுச் சந்தைக்காக மாதம் ஒருமுறை மட்டும் ரயில் போய்வந்தது. 1953இல் அதுவும் நின்றது. அதன் எஞ்சின்களில் ஒன்று அமெரிக்கா போய், அங்கே ஒரு ரயில் அருங்காட்சியகத்தில் இருந்துவிட்டு, பல பத்தாண்டுகள் கழித்துத் தாய்நாடு திரும்பியது. சந்தை ரயில் திரும்பவில்லை. புல் மூடிய தண்டவாளத்தில், ஏற்றத்தில் மூச்சுமுட்டும் எஞ்சின்களுக்குப் பின்னால் மாட்டு வேகன்கள் வரிசையாகப் போவதை, அந்தக் கடைசி ஆண்டுகளில் அங்கே போன சில ஆர்வலர்களின் சுருள்களில்தான் பார்க்க முடியும். 29 அடிக்கு ஓரடி ஏறும் சரிவில் அந்த ரயிலை எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்கு எந்த வரைபடமும் கிடையாது.

நிர்வாகம் எடுத்த படங்களிலும் இந்த உழைப்பு பதிவாகியிருக்கிறது. பிரிட்டிஷ் டிரான்ஸ்போர்ட் ஃபிலிம்ஸ் என்ற அமைப்பு 1949இல் எட்கர் ஆன்ஸ்டி தலைமையில் தொடங்கப்பட்டது. அரசுடைமையான போக்குவரத்துத் துறையின் விளம்பரப் படப் பிரிவு என்று அதைச் சொல்லிவிடலாம். அது எடுத்த 'ஸ்னோட்ரிஃப்ட் அட் பிளீத் கில்' பத்தே நிமிடப் படம். 1955 பிப்ரவரியில் இங்கிலாந்தின் வடக்கே பென்னைன் மலைத்தொடரைக் கடக்கும் ஸ்டெயின்மோர் பாதையில் ஒரு சரக்கு ரயில் பனிக்குவியலில் புதைந்து நின்றுவிட்டது. அதைத் தோண்டி எடுப்பதுதான் படம். கதை என்று பார்த்தால் இவ்வளவே. ஆனால் படம் நிற்பது அந்த ஆட்களின் மேல். மண்வெட்டியும் கையுமாகப் பனியை வெட்டி வீசுகிறார்கள். உறைந்து இறுகிப்போன சக்கரத் தண்டுகளை இளக்க மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கொளுத்திப் பிடிக்கிறார்கள். எண்ணெய் ஊறிய ஒரு எந்திரத்தின் வயிற்றடியில் இப்படி நெருப்புக் காட்டுவதை எந்த விதிப்புத்தகம் சொல்லிக்கொடுத்திருக்கும்? அந்தப் பாதை 1962இல் மூடப்பட்டது. அதில் ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் நின்ற பெலா பாலம் அடுத்த ஆண்டே பிரிக்கப்பட்டது. பனியில் சிக்கிய 78018 எண் எஞ்சின் மட்டும் பழைய இரும்புக் கிடங்கு வரை போய் உயிர்தப்பி, செப்பனிடப்பட்டு, இன்றும் இருக்கிறது. இன்று அதன் எதிரில் போய் நின்றால் வண்ணம் பூசிய அழகான எந்திரம் ஒன்றைப் பார்க்கலாம். அந்த பிப்ரவரியில் அது என்ன பாடுபட்டது, அதற்காக எத்தனை பேர் பாடுபட்டார்கள் என்பதற்கு அந்தப் பத்து நிமிடம்தான் சாட்சி.

நிர்வாகம் எடுத்த படத்துக்கு ஒலி உண்டு, தொகுப்பு உண்டு, விவரணை உண்டு. தனி ஆர்வலர்களின் சுருள்களில் இவை எதுவும் இல்லை. இருந்தும் அவற்றைத்தான் நான் ஒருபடி மேலே வைப்பேன். பாத் நகரிலிருந்து மென்டிப் குன்றுகளை ஏறிக் கடந்து தென்கடலோரத்துப் போர்ன்மத் வரை போன சாமர்செட் அண்ட் டார்செட் பாதையை ஐவோ பீட்டர்ஸ் என்பவர் 16 மில்லிமீட்டர் கேமராவில் ஆண்டுக்கணக்காக எடுத்தார். பாதையோரச் சாலையில் தமது பென்ட்லி காரை ரயிலுக்குச் சமமாக ஓட்டிச் சென்றும் எடுத்திருக்கிறார். ஒரே பாதைக்குத் திரும்பத் திரும்பப் போனதால் ஒரு பலன் கிடைத்தது. எவர்கிரீச் சந்திப்பில் மலையேற்றத்துக்காக இரண்டாவது எஞ்சினைக் கோத்துவிடுவதும், ஏற்றம் முடிந்து திரும்பி வந்தபின் கழற்றுவதும் அன்றாடக் காரியமாகப் பதிவாகின. அந்தப் பாதையில் ஒற்றைத் தடப் பகுதிகள் உண்டு. எதிரும் புதிருமாக இரண்டு ரயில்கள் மோதாமலிருக்க, டேப்லெட் என்ற அடையாளத் தகடு கையில் இல்லாமல் எந்த டிரைவரும் அடுத்த பகுதிக்குள் நுழைய முடியாது. அந்தப் பாதையின் எஞ்சின் பொறுப்பாளராக இருந்த விட்டேக்கர், ரயில் வேகம் குறையாமலே தகட்டைக் கொடுத்து வாங்கும் கருவி ஒன்றை உருவாக்கினார். அது வேலைசெய்யும் கணம் கண்ணிமைக்கும் நேரம்தான். படத்தில் அதை நிறுத்திப் பார்க்கலாம், திருப்பிப் பார்க்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த கருவியிடமிருந்து அந்தக் கணத்தைப் பெறமுடியாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். இந்தப் படங்களே நம்பத்தக்கவையா? 1936இல் பேசில் ரைட்டும் ஹாரி வாட்டும் எடுத்த 'நைட் மெயில்' லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு இரவில் போகும் அஞ்சல் ரயிலைப் பற்றியது. நைட் மெயிலில் கடிதம் பிரிக்கும் பெட்டியின் உட்புறம் ஸ்டுடியோவில் போட்ட செட். ரயில் ஆட்டத்தைக் காட்ட, தொங்கவிட்ட நூல்பந்தை ஆட்டிவிட்டு, ஊழியர்களையும் கொஞ்சம் ஆடச் சொன்னார்கள். ஜான் ஷ்லெசிங்கரின் 1961 ஆம் ஆண்டுப் படமான 'டெர்மினஸ்' லண்டனின் வாட்டர்லூ நிலையத்தில் ஒரு நாளைக் காட்டுகிறது. அதில் தாயைத் தொலைத்துவிட்டு அழும் சிறுவன், படத்துக்காகவே தனியே விடப்பட்டவன். ஆவணப்படம் என்ற பெயரில் இது மோசடி என்று ஒருவர் சொன்னால் அந்தச் சிறுவன் விஷயத்தில் நான் மறுக்கமாட்டேன். ஆனால் செட்டுக்குள் நின்றவர்கள் நடிகர்கள் இல்லையே. அவர்கள் நிஜ அஞ்சல் ஊழியர்கள். பெட்டி பொய், ஆட்டம் பொய். கடிதத்தைப் பார்த்த மாத்திரத்தில் சரியான அறைக்குள் வீசும் கை பொய்யில்லை, அந்த வேகத்தை ஒரு நாளில் யாருக்கும் கற்றுக்கொடுக்க முடியாது. படமெடுப்பவர் தம் கதைக்கு வேண்டியதைத்தான் மாற்றியமைப்பார். அவர் பொருட்படுத்தாமல் விட்டவை, அதாவது பின்னணியில் தள்ளுவண்டி இழுப்பவரும் விளக்குக்கு எண்ணெய் விடுபவரும், அப்படியே உள்ளே வந்துவிடுகிறார்கள்.

இதைவிடச் சங்கடமான மறுப்பு, எதை எடுத்தார்கள் என்பதைப் பற்றியது. பிரிட்டிஷ் ரயில் பாதைகளைப் பற்றி 1963 மார்ச்சில் வெளிவந்த பீச்சிங் அறிக்கை 2,363 நிலையங்களை மூடச் சொன்னது. அதன்பிறகு ஒவ்வொரு பாதையின் கடைசி நாளிலும் கேமராவோடு கூட்டம் திரண்டது. அந்தப் படங்களில் பெட்டிகள் நிரம்பி வழிகின்றன. அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஜனம் ஏறிய பாதையை மூடிய பாவி யார் என்று கேட்பது எளிது. முந்தைய வாரத்துச் செவ்வாய்க்கிழமை அதே ரயிலில் எத்தனை பேர் போனார்கள் என்று சுருள் சொல்வதில்லை. இதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். ஒரு பாதை ஏன் செத்தது என்பதற்கு இந்தப் படங்கள் நல்ல சாட்சி இல்லை, அதற்குக் கணக்குப் புத்தகத்துக்குத்தான் போகவேண்டும். அது எப்படி உழைத்தது என்பதற்கே இவற்றிடம் வரவேண்டும். அதிலும் பஞ்சம் உண்டு. நூறடிச் சுருள் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். பலரிடம் இருந்த சாவி கொடுக்கும் கேமரா, ஒரு சாவிக்கு அரை நிமிடம் ஓடினால் அதிகம். அதனால் எஞ்சின் தொலைவில் தெரியும்போது விசையை அழுத்தி, அது தாண்டியதும் விட்டுவிடுவார்கள். கடைசிப் பெட்டியில் கார்டு என்ன செய்தார் என்பது அதோடு போயிற்று.

வேலையும் அழியவில்லை, தன்னார்வலர்கள் நடத்தும் பாரம்பரிய ரயில்களில் அது உயிரோடு இருக்கிறது என்பார்கள். வேல்ஸில் டாலிலின் பாதையைத் தன்னார்வலர்கள் 1951இல் ஏற்று நடத்தத் தொடங்கியதிலிருந்து இது பெரிய இயக்கமாகிவிட்டது. அங்கே கரி அள்ளிப் போடுகிறார்கள், லிவர் இழுக்கிறார்கள், எல்லாம் முறைப்படி நடக்கின்றன. அவர்கள் இல்லையென்றால் எத்தனையோ நுணுக்கங்கள் போயிருக்கும். ஆனால் பெரும்பாலான பாரம்பரியப் பாதைகளில் வேகம் மணிக்கு 25 மைலுக்குள்தான். ஏறுபவர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள். பால் கேன் ஏறாது, சந்தை மாடு ஏறாது, தாமதமானால் விளக்கம் கேட்டு மேலதிகாரியின் கடிதம் வராது. விருப்பத்துக்குச் செய்யும் வேலையில் கை நிதானமாக இருக்கும். கூலிக்கும் நேரத்துக்கும் கட்டுப்பட்ட வேலையில் கை எதை விட்டுவிடும், எதை மட்டும் விடாது என்பது பழைய சுருளில்தான் தெரிகிறது.

அப்படியானால் அந்தச் சுருளை எப்படிக் காட்டுகிறோம் என்பது முக்கியமாகிறது. இங்கேதான் இந்தத் துறையின் இன்றைய நடைமுறைமேல் எனக்கு வருத்தம். ஊமைக் காலத்து வழக்கப்படி வினாடிக்கு 16 சட்டங்களாக எடுத்ததை 24 சட்டங்களாக ஓட்டினால் எல்லாமே ஒன்றரை மடங்கு வேகமாகும், உழைப்பாளி கோமாளியாகிவிடுவான். இது தெரிந்த குறை, பெரும்பாலும் திருத்திவிடுகிறார்கள். ஒலி விஷயத்தில்தான் கண்டுகொள்வதில்லை. ஊமைச் சுருளுக்கு எங்கோ பதிவுசெய்த வேறொரு எஞ்சினின் ஓசையை ஒட்டிவிடுகிறார்கள். வானொலி நேயர்களுக்கு இது புரியும். இரண்டு சிலிண்டர் எஞ்சினுக்குச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு மூச்சு. வழக்கமான மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு ஆறு. சாமர்செட் அண்ட் டார்செட் பாதையில் இரண்டு வகையும் ஓடின. அங்கே ஓடிய 9எஃப் வகைக்குச் சக்கர விட்டம் ஐந்தடி. மணிக்கு 30 கிலோமீட்டரில் போனால் வினாடிக்கு ஏறத்தாழ ஏழு மூச்சு வரும். மூச்சை எண்ணினால் வேகம் தெரியும், வேகத்தை வைத்து ஏற்றத்தில் எஞ்சின் பட்ட சிரமம் தெரியும். பொய்யொலி போட்டால் இந்தக் கணக்கு முழுவதும் பொய். பீட்டர் ஹேண்ட்ஃபோர்ட் என்ற ஒலிப்பதிவாளர், பின்னாளில் 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர், 1950களிலேயே ரயில் ஓசைகளை ஆங்காங்கே நேரில் போய்ப் பதிவுசெய்து இசைத்தட்டாக வெளியிட்டார். ஓசையை ஆவணமாக மதித்தவர் அவர். ஒட்டு ஓசை இல்லாவிட்டால் சாதாரணப் பார்வையாளர் உட்கார்ந்து பார்ப்பாரா என்று வெளியீட்டாளர்கள் கேட்கலாம். அந்தப் பார்வையாளருக்கு, விவரம் தெரிந்த ஒருவரின் விவரணை போதும். இப்போது கணினி வேறு வந்திருக்கிறது. லுமியேர் சகோதரர்கள் லா சியோட்டா நிலையத்தில் எடுத்த ரயில் காட்சியை, 2020இல் வினாடிக்கு 60 சட்டமாக மாற்றி உலவவிட்டார்கள். மூலத்தில் ஏறத்தாழ 16 தான். மீதி முக்கால் பங்குக் காட்சியை எந்தக் கேமராவும் கண்டதில்லை. வேடிக்கையாகப் பார்க்கலாம். ஒரு போர்ட்டரின் கை எப்படி அசைந்தது என்று தெரிந்துகொள்ள அதை நம்பக்கூடாது.

நம் பக்கத்தில் இந்தக் கண்ணோட்டத்துக்கு வேலை நிறைய இருக்கிறது. சினிமாதான் நமக்குத் தற்செயலான ரயில் ஆவணம். 'மூன்றாம் பிறை'யின் இறுதிக் காட்சிக்காகப் போய் நின்ற கேமரா, 1982 வாக்கில் கேத்தி நிலையம் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டது. 1931இல் ஓடத் தொடங்கிய சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்ரயில் 2004இல் நின்றது; அதன் அன்றாட வேலையை யாராவது படமாக எடுத்துவைத்தார்களா? பாம்பனில் 1914இல் திறந்த பாலத்தின் நடுவே, கப்பலுக்கு வழிவிட இரண்டாகத் திறக்கும் ஷெர்ஸர் தூக்குப் பகுதியை மோட்டார் இல்லாமல் ஆட்களே லிவர் சுற்றித் திறந்தார்கள். 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய தூக்குப்பாலம் திறக்கப்பட்டது, அதை மின்சாரம் தூக்குகிறது. பழைய பாலத்தைத்தான் கைப்பேசியில் ஆயிரம் பேர் எடுத்திருக்கிறார்களே, என்ன கவலை என்று கேட்கலாம். அந்தக் காட்சிகளில் பெரும்பாலானவை பாலம் பிளந்து நிற்பதையும் நடுவே கப்பல் போவதையும் காட்டிவிட்டு, மேலே ஒரு சினிமாப் பாட்டையும் போட்டுவிடுகின்றன. சாவி கொடுத்த கேமராவுக்கு அரை நிமிடத்தில் மூச்சு போயிற்று, அதை மன்னிக்கலாம். கைப்பேசிக்குச் சாவியும் இல்லை, நூறடிக் கணக்கும் இல்லை. ரயில் வராது என்று யார் யாருக்குச் சொன்ன பிறகு பூட்டைத் திறந்தார்கள், கடல்காற்று பலமாக அடித்தபோது லிவரில் நின்றவர்கள் எப்படிக் கால் ஊன்றினார்கள், திரும்ப மூடியதும் தண்டவாளம் சரியாகப் பொருந்திற்று என்று யார் குனிந்து பார்த்தார் என்பதையெல்லாம் வெட்டாமல், பாட்டுப் போடாமல், தொடக்கத்திலிருந்து முடிவுவரை எடுத்துவைத்தவர் யாராவது இருந்தால், தேதியையும் இடத்தையும் எழுதி அதை ஓர் ஆவணக் காப்பகத்தில் சேர்க்கச் சொல்லவேண்டும். அந்த லிவரைச் சுற்றியவர்கள் பலர் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படத்தை ஓட்டி, ஒவ்வொரு அசைவுக்கும் அவர்கள் சொல்லும் காரணத்தையும் பதிந்துகொள்ளலாம்.