ஆளுக்கொரு துண்டு

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கத்துப் பள்ளிகளில் இப்போது குழுச் செயல்பாடு இல்லாத வகுப்பே இல்லை. ஆறு பிள்ளைகள், ஒரு சார்ட் பேப்பர். கையெழுத்து அழகாக உள்ளவள் எழுதுவாள். மற்ற ஐவரும் ஸ்கெட்ச் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருப்பார்கள். இதற்கு ஒத்துழைப்பு என்று பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வட்டமாக உட்கார வைத்துவிட்டால் ஒத்துழைப்பு வந்துவிடாது. அடுத்தவர் கையில் இருப்பது இல்லாமல் தன் வேலை முடியாது என்ற நிலை வந்தால்தான் வரும். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது பகை மூண்டது. 1971இல் அந்த வகுப்புகளுக்குப் போன உளவியலாளர் எலியட் ஆரன்சன் அறிவுரை சொல்லவில்லை. பாடத்தையே துண்டு போட்டார். குழுவில் ஆளுக்கொரு துண்டு. ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் கூடிப் பேசித் தெளிவார்கள். பிறகு தம் குழுவுக்குத் திரும்பிக் கற்றுக்கொடுப்பார்கள். ஜிக்சா முறை என்பது இதுதான்.

இந்த முறைக்கு நம் பக்கத்தில் பொருத்தமான பாடம் 2015 டிசம்பர் சென்னை வெள்ளம். முடிச்சூரும் வரதராஜபுரமும் ஏன் மூழ்கின? ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரிநீர் ஒரு பிள்ளையிடம், அடையாற்றின் அகலம் ஒருத்தியிடம், கரையோர வீடுகள் இன்னொருவனிடம், தெரு வடிகால் மற்றொருத்தியிடம். ஆளுக்கொரு துண்டு, மறுபடியும் சொல்கிறேன், ஆளுக்கொரு துண்டு. விடை யார் கையிலும் முழுதாக இல்லை. அடுத்து, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வேடம் கொடுத்து, ஆற்றை அகலப்படுத்த வேண்டும், யார் வீடு போகும் என்று கேளுங்கள். வீட்டுக்காரராகப் பேசும் பிள்ளை 'முடியாது' என்பதோடு நிற்காமல் 'எங்கே, எப்போது மாற்று இடம்?' என்று கேட்கத் தொடங்கும் இடத்தில்தான் பேரம் பேசுதல் தொடங்குகிறது.

பாடம் முடிய வேண்டாமா என்பார்கள். வெள்ளமும் பாடம்தானே! சத்தம் வரும் என்பார்கள், வரட்டும். கெட்டிக்காரப் பிள்ளை பின்தங்கிவிடும் என்ற கவலைக்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் அவரவர் வேகத்தில் ஏணிப்படி ஏறினார்கள். கூடவே, சக மாணவர் துணையோடு கற்கும் குழுவும் அதில் இருந்தது. சொல்லிக்கொடுக்கும் பிள்ளைக்குத் தன் புரிதலில் உள்ள ஓட்டை அப்போதுதான் தெரியும். அதனால் கடைசிப் பத்து நிமிடத்தை ஆசிரியர் தீர்ப்புச் சொல்லிக் கழிக்கக் கூடாது. 'யார் சொன்னதைக் கேட்டு என் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்?' என்ற ஒரே கேள்விக்கு ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு வரி எழுதட்டும். அதற்கு மதிப்பெண் மட்டும் போடாதீர்கள். போட்டால் ஆசிரியருக்குப் பிடித்ததைத்தான் எழுதுவார்கள்.