வலை வீசுபவன் வீரனா?

(பூச்சோங் மேடையில் பதிவான தொலைக்காட்சி மன்ற உரை)



"சித்திரக்கதை நாயகன் ஸ்பைடர் உண்மை வீரனா?" என்பது இன்றைய கேள்வி. 'இல்லை' என்பதே இந்த அணியின் பதில்.

1984-இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய லயன் காமிக்ஸைப் படித்தவர்களுக்கு ஸ்பைடரைத் தெரியாமல் இருக்காது. கூர்மையான காதுகள், வலை பாய்ச்சும் துப்பாக்கி, வானில் பறக்கும் ஹெலிகார். 1965-இல் இங்கிலாந்தில் பிறந்த பாத்திரம் அது. சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகலே பின்னாளில் அவன் கதைகளை எழுதினார். தமிழில் எத்தனையோ சிறுவர்களுக்கு வாசிக்கும் பழக்கத்தை ஊட்டியவன் அவன். அதில் கருத்து வேறுபாடு கிடையாது.

ஆனால் அவன் கதை எப்படித் தொடங்குகிறது? குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆக வேண்டும் என்ற வெறியோடு தொடங்குகிறது. பிறகுதான் கட்சி மாறித் தீயவர்களை வேட்டையாடுகிறான். திருந்திவிட்டானே என்று எதிரணி கைதட்டும். சற்றுப் பொறுங்கள். ஏன் மாறினான்? ஏழையின் கண்ணீரைக் கண்டு மனம் கரைந்தா? இல்லை. தன் மூளைக்கு ஈடான சவால் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்ற கர்வத்தால் மாறினான். மாறியது எதிரி மட்டுமே. மனம் அப்படியே இருக்கிறது. நேற்று கொள்ளையடித்தபோதும் 'என்னை மிஞ்ச எவனுமில்லை' என்றான். இன்று ஊரைக் காக்கும்போதும் அதையேதான் சொல்கிறான்.

அவனோடு இருப்பவர்களைப் பாருங்கள். பெல்ஹாம் அறிவாளி, ஆர்டினி பூட்டுத் திறப்பதில் கெட்டிக்காரன். இருவரும் அவனுக்குத் தோழர்களா? ஏவலர்கள்! அடுத்தவரைக் கருவியாக மட்டும் பார்ப்பவன் கெட்டிக்காரனாக இருக்கலாம், வீரனாக முடியாது.

இரும்புக்கை மாயாவியும் தொடக்கத்தில் தடம் புரண்டவன்தானே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 1972-இல் முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்த அவனும் முதலில் கெட்ட வழியில்தான் போனான். ஆனால் பிறகு ஓர் அமைப்பின் கட்டளைக்கு அடங்கி, தன் வல்லமையைப் பிறருக்காகச் செலவிட்டான். பழைய தவறு ஒருவனுக்குத் தடையில்லை. அகந்தையைக் கழற்றி வைக்க மறுப்பதுதான் தடை.

சரி, உண்மை வீரம் எப்படி இருக்கும்? அதைத் தேடி இலண்டனுக்கும் நியூயார்க்கிற்கும் போக வேண்டாம். இதே பூச்சோங்கில், தாமான் புத்ரா பெர்டானாவில், 2018 அக்டோபர் 3-ஆம் தேதி இரவை நினைத்துப் பாருங்கள். கைவிடப்பட்ட ஈயக்குட்டையில் 17 வயது இளைஞன் விழுந்துவிட்டான். தீயணைப்பு மீட்புப் படையின் நீர் மீட்புப் பிரிவினர் 6 பேர் தண்ணீரில் இறங்கினார்கள். திடீரென எழுந்த பலத்த நீரோட்டம் அவர்களை இழுத்துச் சென்றது. ஆறு பேரும் திரும்பவில்லை. அந்த இளைஞனும் உயிரோடு கிடைக்கவில்லை.

கணக்குப் பார்த்தால் அது தோல்வி. ஆனால் அவர்களைத் தோற்றவர்கள் என்று சொல்ல எந்த நாக்காவது எழுமா? தேடப்பட்டவன் அவர்கள் பெற்ற பிள்ளையல்ல. கைதட்டக் கூட்டமில்லை, முகமூடியில்லை, பறக்கும் ஊர்தியில்லை. 'இது என் கடமை' என்ற ஒரே நினைப்போடு இருட்டுத் தண்ணீரில் இறங்கினார்கள். ஸ்பைடர் எந்தக் கதையிலாவது இப்படி ஒரு விலை கொடுத்திருக்கிறானா?

"இது வெறும் கதைதானே, பிள்ளைகளுக்கு வேறுபாடு தெரியாதா?" என்று எதிரணி நண்பர் கேட்கக்கூடும். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியும். தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் இந்த நாடு பார்த்திருக்கிறது. 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர்கள் 40 ஆயிரத்துக்கும் அதிகம். அவர்களில் 71 விழுக்காட்டினர் இந்தியர் என்றது அந்தக் கணக்கு. அதற்குக் காமிக்ஸ் காரணமல்ல. வறுமை, பாதியில் நின்ற பள்ளி, வேலையின்மை எனக் காரணங்கள் பல. ஆனாலும் 'அண்ணன் அடிப்பான், ஆனால் ஊருக்கு நல்லவன்' என்ற பேச்சு எத்தனை வீட்டு வாசலில் கேட்கிறது! அச்சத்தால் கிடைக்கும் வணக்கத்தை மரியாதை என்று நம்பும் பிள்ளைக்கு, ஸ்பைடருக்கும் வீரனுக்கும் உள்ள தூரத்தை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?

பெற்றோர்களே, புத்தகத்தைப் பிடுங்க வேண்டாம். பக்கத்தில் அமர்ந்து சேர்ந்து படியுங்கள். படித்து முடித்ததும் பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இவன் யாருக்காகச் செய்தான்? இதற்காக எதை இழந்தான்? யாரும் பார்க்காவிட்டாலும் இதைச் செய்திருப்பானா?

ஸ்பைடர் மூன்றிலும் தேற மாட்டான். அந்த ஈயக்குட்டையில் இறங்கிய ஆறு பேரும் மூன்றுக்கும் தங்கள் உயிரால் விடை எழுதிவிட்டுப் போனார்கள். அவர்களைப் பற்றியும் இன்றிரவு உங்கள் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.