பொறுமை என்னும் புண்ணியம்



வடக்கன்குளத்தில் 1745-இல் ஞானஸ்நானம் பெற்ற புனித தேவசகாயம் அரண்மனை அலுவலர். அவரை எருமைமேல் ஏற்றி ஊர் ஊராய் இழிவுபடுத்தினார்கள், பொறுத்துக்கொண்டார். 1752-இல் காற்றாடிமலையில் வேதசாட்சியாய் மரித்தார். 2022-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

நம்மிடம் எவரும் உயிரைக் கேட்கவில்லை. வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய அண்ணனிடம் முதலில் பேசும்படியே ஆண்டவர் கேட்கிறார். அதுவே நமக்குக் கடினம். குருவாகிய நானும் ஒருவரை மன்னிக்க ஓராண்டு தாமதித்தேன். அந்த ஓராண்டும் பீடத்தில் நின்று சமாதானம் கூற என் நாக்குக் கூசிற்று.

பொறுமை ஒரே நாளில் வராது, தினமும் பழகவேண்டும். கோவிலுக்கு வெள்ளையடித்துவிட்டோம். இன்று பூசை முடிந்து வீடு திரும்புமுன் அந்த ஒருவரின் கையைப் பிடியுங்கள். அதுவே நம் பொன்விழாக் காணிக்கை. ஆமென்.