மற்றொருவர் உடுத்திவிடும் காலம்

(எங்கள் மருத்துவமனையின் ஆண்டு நன்றி ஆராதனையில் ஆற்றிய உரை)



இந்த ஊழியத்தை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கி வருகிற உங்களில் அநேகர் இன்று தலை நரைத்தவர்கள். ஒரு காலத்தில் வார்டு வார்டாக நடந்து நோயாளிகளுக்காக ஜெபித்தவர்கள், இன்று கைத்தடியோடும் பேரப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டும் வந்து அமர்ந்திருக்கிறீர்கள். எங்களுக்கும் இப்போது மூக்குக் கண்ணாடி இல்லாமல் மருந்துச் சீட்டை வாசிக்க முடிவதில்லை. ஆகவே முதுமையையும் சரீரத்தின் தளர்ச்சியையும் குறித்துச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

நம்முடைய சபைகளில் முதுமையைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. முதியோர் ஞாயிறன்று நரையைக் கிரீடம் என்று வாழ்த்தி, சால்வை போர்த்திக் கனம்பண்ணுகிறோம். திங்கட்கிழமை அதே பெரியவர் முழங்கால் வலி என்றால், "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுகிறோம். வாழ்த்தும்போது அவருடைய வலியைப் பார்ப்பதில்லை. கைவிடும்போது அந்த மனிதரையே பார்ப்பதில்லை.

வேதம் இந்த இரண்டையும் செய்யவில்லை. பிரசங்கி புத்தகத்தின் 12-ம் அதிகாரம் தளர்ந்த உடலை ஒரு பழைய வீடாகக் காட்டுகிறது. வீட்டின் காவலாட்களைப் போன்ற கைகள் நடுங்குகின்றன. மாவரைக்கிறவர்களைப் போன்ற பற்கள் குறைகின்றன. ஜன்னல்களைப் போன்ற கண்கள் இருளடைகின்றன. ஈசாக்கு பார்வை மங்கி, தன் மகன்களையே அடையாளம் தெரியாமல் ஏமாந்துபோனான். 80 வயதான பர்சிலாயைத் தாவீது ராஜா எருசலேமுக்கு அழைத்தபோது, சாப்பாட்டின் ருசியும் தெரியவில்லை, பாடுகிறவர்களின் சத்தமும் கேட்கவில்லை, நான் வந்து ராஜாவுக்குப் பாரமாக இருப்பானேன் என்று அவன் மறுத்துவிட்டான். எங்கள் வெளிநோயாளர் பிரிவில் நாள்தோறும் கேட்கிற வார்த்தை இதுதான்: "பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது, டாக்டர்."

மருத்துவர்களாக நாங்கள் முதலாவது சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. முதுமை வேறு, நோய் வேறு. 40 வயதைத் தாண்டியதும் கண்ணின் லென்ஸ் இறுகுவதால் கிட்டத்து எழுத்து மங்கலாவது முதுமை. லென்ஸில் புரை வளர்ந்து பார்வையை மறைப்பது நோய். அந்த லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தால், கண்ணில் வேறு கோளாறு இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். தசை மெலிவதும் எலும்பின் உறுதி குறைவதும் வயதோடு வருபவை. ஆனால் அடிக்கடி கீழே விழுவதற்குக் காரணம் உண்டு. படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது இரத்த அழுத்தம் இறங்கலாம். ஏதாவது மாத்திரை மயக்கம் கொடுக்கலாம். குளியலறைத் தரை வழுக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. "வயசாச்சு" என்ற சொல் அந்த வழியை அடைத்துவிடுகிறது.

இதை நாங்களே வெட்கத்தோடு கற்றுக்கொண்டோம். ஒரு மழைக்காலத்தில் ஒரு மகன் தன் தாயாரைக் கொண்டுவந்தார். நான்கு நாட்களாக அந்த அம்மா சாப்பிடவில்லை. இறந்துபோன கணவரோடு பேசிக்கொண்டிருந்தார். "வயசாச்சுங்க, புத்தி தடுமாறிப்போச்சு" என்றார் மகன். நாங்களும் தலையசைத்தோம். எல்லாக் கேள்விகளையும் மகனிடமே கேட்டோம். துணி மாற்றின நர்ஸ்தான் ஏதோ சரியில்லை என்று சொல்லிச் சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பச் செய்தார். சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தது. முதியவர்களுக்குத் தொற்று வரும்போது பல நேரம் கடுமையான காய்ச்சல் வருவதில்லை, மனத்தடுமாற்றமே முதல் அறிகுறியாக வரும். மருந்தும் டிரிப்பும் ஏற்றினோம். சில நாட்களில் அந்த அம்மா தெளிந்து உட்கார்ந்தார். எங்களைப் பார்த்து, "என்னைப் பத்தியே பேசினீங்க, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே" என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றுமுதல் முதிய நோயாளியின் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, முதல் கேள்வியை அவரிடமே கேட்பது என்று தீர்மானித்தோம்.

ஆனால் சகோதரரே, எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு என்று நாங்கள் சொன்னால் அது பொய். மறதி நோய் ஒருவரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறது. பக்கவாதத்தில் விழுந்த கை சில வேளைகளில் திரும்பவும் எழும்புவதில்லை. குளிப்பாட்டவும் ஊட்டிவிடவும் மற்றொருவர் வேண்டிய காலம் நம்மில் பலருக்கு வரும். அந்தக் காலத்துக்கு விசுவாசம் என்ன சொல்லுகிறது?

பேதுருவை நினைத்துப் பாருங்கள். மேல்வீட்டில் ஆண்டவர் இடுப்பில் சீலையைக் கட்டிக்கொண்டு கால்களைக் கழுவ வந்தபோது, வேண்டாம் என்று தடுத்தவர் அவர்தான். கொடுக்கத் தெரிந்தவர், பெற்றுக்கொள்ளத் தெரியாதவர். யோவான் 21-ம் அதிகாரத்தில் உயிர்த்தெழுந்த ஆண்டவர் அதே பேதுருவிடம், இளமையில் தானே இடுப்பைக் கட்டிக்கொண்டு நடந்தவன் முதிர்வயதில் கைகளை நீட்டுவான், மற்றொருவன் அவனுக்குக் கட்டிவிடுவான் என்ற பொருள்படச் சொன்னார். அது பேதுருவின் இரத்தசாட்சி மரணத்தைக் குறித்தது என்று சுவிசேஷமே விளக்குகிறது. ஆனாலும் படுக்கையில் கிடக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு செய்தி உண்டு என்று விசுவாசிக்கிறோம். கைகளை நீட்டிப் பெற்றுக்கொள்ளும் அந்த நிலையையும் தேவனை மகிமைப்படுத்தும் வழி என்றே வேதம் அங்கே கூறுகிறது. அதைச் சொன்ன பிறகுதான் ஆண்டவர், என் பின்னே வா என்று அழைத்தார். உதவி பெறுவதால் ஒருவர் சீஷராய் இருப்பது நின்றுபோவதில்லை.

நம் தமிழ் நாட்டிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. கொல்லிமலையில் ஊழியம் செய்த ஈவ்லின் பிராண்ட் அம்மையார் 1879-ல் பிறந்தவர். 1929-ல் கணவர் ஜெசி பிராண்ட் மலைக்காய்ச்சலில் இறந்தார். அம்மையார் 70 வயதை நெருங்கியபோது மிஷன் ஓய்வு கொடுத்தது. அவரோ தாமாகவே மலைக்குத் திரும்பினார். 75 வயதில் தனியே இருந்தபோது கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. காலையில் வேலையாள் வந்து பார்க்கும்வரை இரவெல்லாம் தரையில் கிடந்தார். நான்கு பேர் அவரைக் கட்டிலில் கிடத்தி மலையிலிருந்து இறக்கினார்கள். வேலூரில் தொழுநோயாளிகளுக்கு மறுவாழ்வளித்த டாக்டர் பால் பிராண்ட் அவருடைய மகன். மகன் எழுதியிருக்கிறபடி, தாயார் கடைசி 20 ஆண்டுகளாக வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றி நடந்து, 1974-ல் 95-வது வயதில் காலமாகும்வரை அவர் மலைமக்களுக்காகவே வாழ்ந்தார்.

அவருடைய உழைப்பை நாம் மெச்சுகிறோம். எங்கள் மனதைத் தொடுவது அந்தக் கட்டில். சுமந்து பழகினவர் அன்று சுமக்கப்பட்டார். திமிர்வாதக்காரனை ஆண்டவரிடம் சுமந்து வந்தவர்களும் நால்வர்தான். அவனுக்குத் தன் கட்டிலைத் தூக்கச் சக்தியில்லாத அந்த நேரத்தில்தான் ஆண்டவர் அவனை மகனே என்று அழைத்தார்.

பெரியவர்களே, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். பாரமாக இருக்கக் கூடாது என்று வலியை மறைக்காதீர்கள். விழுந்ததைச் சொல்லாமல் விடாதீர்கள். நீங்கள் நீட்டுகிற கை உங்கள் பிள்ளைகளுக்கு அன்புகூரக் கற்றுக்கொடுக்கும்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்று 2007-ல் நம் நாட்டில் சட்டமே வந்தது. சட்டம் பணத்தை வாங்கித் தரலாம், பக்கத்தில் வந்து உட்காராது. படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது திருப்பிப் படுக்கவையுங்கள், படுக்கைப் புண் வரும் ஆபத்து குறையும். முதியவர்களுக்குத் தாகம் குறைவாகத் தெரியும், ஆகவே டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் தவிர, கேட்காவிட்டாலும் குடிக்கக் கொடுங்கள். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். அவர்களைப் பற்றிப் பேசும்போது அவர்களிடமே பேசுங்கள்.

எங்களைத் தாங்குகிற அன்பர்களே, உங்கள் காணிக்கை கண் லென்ஸாகவும், வாக்கராகவும், நீர்ப்படுக்கையாகவும் மாறுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரப்படாமல் ஒரு பாட்டியின் அருகே நாற்காலி போட்டு உட்காரும் நேரத்தை அது எங்களுக்குக் கொடுக்கிறது. பிள்ளைகள் இல்லாத முதியவர்களுக்கு நாங்களும் நீங்களும்தான் அந்த நான்கு பேர்.

எங்கள் முதிய நோயாளிகளுக்காகவும், இரவு பகலாய் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் மருமகள்களுக்காகவும் மகள்களுக்காகவும், எங்கள் நர்ஸுகளுக்காகவும் ஜெபியுங்கள். நம்முடைய கைகளும் ஒருநாள் நடுங்கும். அந்நாளில் மற்றொருவர் நமக்கு உடுத்திவிடும்போது, கால் கழுவ வந்த ஆண்டவரை அந்தக் கைகளில் அடையாளம் கண்டுகொள்ளத் தேவன் நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.